இசட் டிரைவ் காணோம்: லாகின் ஸ்கிரிப்ட் பிழைகளை அறிகுறி வைத்துப் பிடிப்பது

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்தில் பத்துப் பதினைந்து சிஸ்டம் வைத்திருக்கும் அலுவலகங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். ஒரு மூலையில் சர்வர், அல்லது சர்வர் என்று பெயர் சூட்டப்பட்ட சாதாரணக் கம்ப்யூட்டர். டேலி டேட்டா, இன்வாய்ஸ், ஷிப்பிங் பேப்பர், ஸ்கேன் செய்த பில் எல்லாம் அதில்தான். மற்ற சிஸ்டங்களில் காலையில் லாகின் செய்ததும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று ஓடி, அந்த ஃபோல்டர்களை இசட், ஒய் என்று டிரைவாக மாட்டிக் கொடுக்கும். அது நடக்காத நாளில் "சார், இசட் டிரைவ் காணோம், பில் போட முடியல" என்று போன் வரும்.

போனை எடுத்தவர் பெரும்பாலும் ஸ்கிரிப்டைத் திறந்து திருத்த உட்கார்ந்துவிடுவார். அதுதான் வேண்டாம். நேற்று சாயந்திரம் வரை ஓடிய ஸ்கிரிப்ட் ராத்திரியில் தானாக மாறாது. ரூட்டர் மாறியிருக்கும், பாஸ்வேர்டு மாறியிருக்கும், விண்டோஸ் அப்டேட் ஆகியிருக்கும், யாராவது ஃபோல்டர் பெயரை மாற்றியிருப்பார்கள். ஸ்கிரிப்ட் தோற்கும்போது ஓர் எண்ணைச் சொல்லிவிட்டுத்தான் தோற்கும். அந்த எண் கையில் இருந்தால் எங்கே போய்ப் பார்ப்பது என்பது தெரிந்துவிடும்.

கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். சர்வர், கணக்கு என்று வரும் இடங்களில் உங்கள் சர்வர் பெயரையும் ஷேர் (மற்ற சிஸ்டங்களுக்குத் திறந்துவிட்ட ஃபோல்டர்) பெயரையும் போட்டுக்கொள்ளுங்கள்.

எதற்கும் முன்னால்: ஓடியதா, ஓடித் தோற்றதா?

இந்த இரண்டும் வேறு வேறு நோய். பிரிக்காமல் மருந்து கொடுக்க முடியாது.

பிரச்சினை உள்ள சிஸ்டத்தில், அதே யூசர் லாகின் செய்திருக்கும்போதே, கமாண்ட் பிராம்ப்டைத் திறங்கள். அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்கக் கூடாது. ஏன் என்பது கீழே வரும். ஸ்கிரிப்ட் ஃபைலை இழுத்து அந்தக் கறுப்பு ஜன்னலில் போட்டு என்டர் தட்டுங்கள். டபுள் கிளிக் செய்தால் ஜன்னல் கண் சிமிட்டும் நேரத்தில் மூடிக்கொள்ளும், பிழை எண்ணைப் படிக்க முடியாது. இப்படிச் செய்தால் "சிஸ்டம் எரர் 53" என்பது போல ஒரு வரி அப்படியே நிற்கும்.

கையால் ஓட்டினால் டிரைவ் வந்துவிடுகிறது என்றால், காலையில் அது ஓடவே இல்லை, அல்லது நெட்வொர்க் எழுந்திருக்கும் முன்பே ஓடிவிட்டது. இதை உறுதிப்படுத்த ஸ்கிரிப்டின் தலையில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்:

எக்கோ %டேட்% %டைம்% >> %டெம்ப்%\லாகின்.லாக்

அப்புறம், டிரைவை மாட்டும் கட்டளையான நெட் யூஸ் வரும் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் >> %டெம்ப்%\லாகின்.லாக் 2>&1 என்று சேர்த்தால், பிழைச் செய்தியும் அதே ஃபைலில் விழும். லாக் ஃபைலை சர்வரில் எழுத வைக்கிற பழக்கம் சிலரிடம் உண்டு. சர்வரே கிடைக்காத நாளில் அந்த லாக் எங்கே போய் எழுதும்? உள்ளூர் டெம்ப் ஃபோல்டர்தான் சரி. மறுநாள் காலை அந்த ஃபைலில் அன்றைய தேதி இல்லையென்றால் ஸ்கிரிப்ட் ஓடவில்லை. தேதி இருந்து கீழே எண்ணும் இருந்தால் ஓடித் தோற்றிருக்கிறது.

அறிகுறி: டிரைவ் வருகிறது, ஆனால் கொஞ்ச நேரம் கழித்து

"அண்ணா, லாகின் பண்ணின உடனே இல்ல, டீ குடிச்சிட்டு வந்தா தானா வந்திடுது" என்பார்கள். இது பேய் பிசாசு இல்லை. விண்டோஸ் 8.1-இலிருந்து குரூப் பாலிசி (பல சிஸ்டங்களுக்கு ஒரே இடத்திலிருந்து அமைப்புகளை வைக்கும் வசதி) வழியாகக் கொடுக்கும் லாகின் ஸ்கிரிப்ட் ஐந்து நிமிடம் கழித்துத்தான் ஓடும். லாகின் வேகமாக முடிய வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் வைத்த இயல்பு அமைப்பு அது. குரூப் பாலிசி எடிட்டரில் கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், சிஸ்டம், குரூப் பாலிசி என்று போனால் "கான்ஃபிகர் லாகான் ஸ்கிரிப்ட் டிலே" என்று ஒன்று இருக்கும். அதை டிசேபிள் செய்தால் தாமதம் போய்விடும். தொடாமல் "நாட் கான்ஃபிகர்டு" என்று விட்டால்தான் ஐந்து நிமிடம்.

அறிகுறி: ஸ்கிரிப்ட் சில நாள் ஓடுகிறது, சில நாள் ஓடுவதில்லை

எனக்கு அதிகம் வரும் புகார் இதுதான். காரணமும் ஒன்றல்ல.

முதல் சந்தேகம், நெட்வொர்க் தயாராகும் முன்பே லாகின் முடிந்துவிடுவது. எஸ்எஸ்டி போட்ட புதுச் சிஸ்டம் சட்டென்று டெஸ்க்டாப்பைக் காட்டிவிடும். ரூட்டரிடமிருந்து ஐபி வாங்க இன்னும் சில நொடி ஆகும். டொமைனில் (யூசர்களையும் சிஸ்டங்களையும் ஒரு சர்வர் மொத்தமாக நிர்வகிக்கும் ஏற்பாடு) உள்ள சிஸ்டம் என்றால் இன்னொரு சங்கடமும் சேரும். அந்த நிர்வாக சர்வரான டொமைன் கன்ட்ரோலரைத் தொடமுடியாவிட்டாலும், முன்பு சேமித்து வைத்த விவரத்தை வைத்து விண்டோஸ் யூசரை உள்ளே விட்டுவிடும். பாஸ்வேர்டு ஏற்றுக்கொண்டது, டெஸ்க்டாப் வந்தது, எல்லாம் சரி என்று யூசர் நினைப்பார். ஆனால் ஸ்கிரிப்ட் இருப்பதே கன்ட்ரோலரின் நெட்லாகான் ஷேரில். அதைத் தொடாமல் ஸ்கிரிப்ட் எப்படி ஓடும்?

டொமைனில் இதற்கு மருந்து ஒரு பாலிசி: சிஸ்டம், லாகான் என்ற பகுதியில் "ஆல்வேஸ் வெயிட் ஃபார் த நெட்வொர்க் அட் கம்ப்யூட்டர் ஸ்டார்ட்அப் அண்ட் லாகான்". அதை எனேபிள் செய்யுங்கள். லாகின் சில நொடி கூடும், ஆனால் ஸ்கிரிப்ட் தவறாது. சந்தேகம் இருந்தால் என்எல்டெஸ்ட் /டிஎஸ்கெட்டிசி:டொமைன்பெயர் என்று கொடுத்துப் பாருங்கள். கன்ட்ரோலர் பெயரைச் சொன்னால் தொடர்பு இருக்கிறது.

டொமைன் இல்லாத அலுவலகங்களில், குறிப்பாக விண்டோஸ் ஹோம் போட்ட சிஸ்டங்களில் (அவை டொமைனில் சேரவே சேராது), ஸ்கிரிப்ட் ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் கிடக்கும். அங்கே ஸ்கிரிப்டுக்குள்ளேயே காத்திருக்கும் வரி எழுத வேண்டும். பலரும் பிங் (சர்வர் பதில் சொல்கிறதா என்று பார்க்கும் கட்டளை) கொடுத்துப் பார்த்து முடிவு செய்கிறார்கள். அதில் ஒரு பொறி உண்டு: "டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்" என்று பதில் வந்தாலும் பிங் கட்டளை வெற்றி என்றே கணக்குக் காட்டும். அதனால் இஃப் எக்சிஸ்ட் \\சர்வர்\கணக்கு\ என்று ஷேரையே தொட்டுப் பாருங்கள். இல்லையென்றால் டைம்அவுட் /டி 5, மறுபடி முயற்சி. பத்துப் பன்னிரண்டு முறைக்கு மேல் சுற்றாதபடி ஓர் எண்ணிக்கையும் வையுங்கள். சர்வர் லீவில் இருக்கும் நாளில் ஸ்கிரிப்ட் முடிவே இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்க வேண்டாம்.

இரண்டாவது சந்தேகம் நம்ம ஊர் கரண்ட். கரண்ட் போய் வந்ததும் யூபிஎஸ்ஸில் உள்ள சிஸ்டங்கள் அசையாமல் நிற்கும். ஸ்விட்சும் ரூட்டரும் யூபிஎஸ்ஸில் இல்லாத அலுவலகங்கள்தான் அதிகம். அவை விழுந்து எழுந்த இடைவெளியில் யாராவது லாகின் செய்தால் டிரைவ் வராது. சர்வர் பெட்டி கரண்ட் வந்ததும் தானாக ஆன் ஆக வேண்டும் என்றால், பயாஸில் "ரீஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ்" அல்லது அதை ஒத்த பெயரில் உள்ள அமைப்பை மாற்ற வேண்டும். சின்ன ஸ்விட்சுக்கு ஒரு யூபிஎஸ் பாயின்ட் ஒதுக்குவது எவ்வளவு ஸ்கிரிப்ட் எழுதினாலும் கிடைக்காத நிம்மதி. அக்னி நட்சத்திர நாட்களில் இன்னொன்றையும் பாருங்கள். தகரக் கூரைக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் நடுவே ஸ்விட்சை ஒளித்து வைத்திருப்பார்கள். வெயிலூர் என்று வேலூரைச் சும்மாவா கேலி செய்கிறார்கள்? மதியம் மட்டும் தொடர்பு அறுந்து சாயந்திரம் சரியானால், ஸ்விட்சைக் கீழே இறக்கிக் காற்றுப்படும் இடத்தில் வைத்துவிட்டு அப்புறம் மற்றதைப் பாருங்கள்.

மூன்றாவது, "ஷட்டவுன் பண்ணி ஆன் பண்ணேன் சார்" என்ற பதிலை அப்படியே நம்பாதீர்கள். விண்டோஸ் 8-இலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் சிஸ்டத்தில் ஷட்டவுன் என்பது பாதித் தூக்கம்தான். முழுசாக எழுந்து வர வேண்டுமென்றால் ரீஸ்டார்ட் கொடுக்கச் சொல்லுங்கள்.

அறிகுறி: ஸ்கிரிப்டை கிளிக் செய்தால் நோட்பேடில் திறக்கிறது, அல்லது முதல் வரியிலேயே கோளாறு

நோட்பேடில் எழுதிச் சேமிக்கும்போது ஃபைல் பெயர் லாகின்.பேட்.டிஎக்ஸ்டி ஆகியிருக்கும். எக்ஸ்டென்ஷனை மறைத்து வைத்திருக்கும் விண்டோஸில் அது கண்ணுக்குத் தெரியாது. வியூ மெனுவில் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் டிக் செய்தால் குட்டு வெளிப்படும்.

முதல் வரியின் முன்னால் புரியாத எழுத்துகள் சில வந்து "இப்படி ஒரு கட்டளை இல்லை" என்றால், ஃபைல் பிஓஎம் (ஃபைலின் தலையில் ஒட்டும் மறைவான அடையாளக் குறி) உடன் கூடிய யூடிஎஃப்-8-இல் சேமிக்கப்பட்டிருக்கிறது. ஆன்சி அல்லது பிஓஎம் இல்லாத யூடிஎஃப்-8-ஆக மாற்றிச் சேமியுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய வரியையோ வேர்டில் இருந்த வரியையோ நகல் எடுத்து ஒட்டினால் நேரான மேற்கோள் குறி வளைந்த குறியாகவும், சின்ன ஹைஃபன் நீளக் கோடாகவும் மாறியிருக்கும். பார்வைக்கு எல்லாம் சரியாகவே தெரியும். சந்தேகமான வரியை அழித்துவிட்டுக் கையால் தட்டுவதுதான் வேகமான வழி.

ஷேர் பெயரோ ஃபோல்டர் பெயரோ தமிழில் இருந்தால் (சம்பளம், வரவு செலவு என்று வைத்திருக்கும் அலுவலகங்களைப் பார்த்திருக்கிறேன், வைக்கக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன்) ஃபைலை பிஓஎம் இல்லாத யூடிஎஃப்-8-இல் சேமித்து, முதல் வரியாக சிஹெச்சிபி 65001 கொடுங்கள். பெயரில் இடைவெளி இருந்தால் முழுப் பாதையையும் மேற்கோள் குறிக்குள் வைக்க வேண்டும். இன்னொரு வேடிக்கை: ஸ்கிரிப்டுக்கு நெட்.பேட் என்று பெயர் வைப்பது. அது இருக்கும் ஃபோல்டரிலிருந்து ஓட்டினால், உள்ளே இருக்கும் நெட் யூஸ் என்ற வரி தன்னைத்தானே கூப்பிட்டுக்கொண்டு நிற்காமல் சுற்றும்.

அறிகுறி: சிஸ்டம் எரர் 53

நெட்வொர்க் பாதை கிடைக்கவில்லை. அதாவது சர்வரையே எட்ட முடியவில்லை. வரிசையாகப் பாருங்கள்.

பிங் சர்வர் என்று பெயரைக் கொடுங்கள், அப்புறம் அதன் ஐபி எண்ணைக் கொடுங்கள். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வராவிட்டால் கோளாறு பெயர் தேடலில். நம் பக்கம் இதற்கு வழக்கமான காரணம் புதிய ஃபைபர் இணைப்பு. இணைப்புக் கொடுக்க வந்தவர் தன் ரூட்டரை மாட்டிவிட்டுப் போவார். அது எல்லா சிஸ்டத்துக்கும் தன்னையோ கூகுளின் 8.8.8.8-ஐயோ டிஎன்எஸ் (பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தரும் சர்வர்) என்று கொடுக்க ஆரம்பிக்கும். இன்டர்நெட் அருமையாக வரும், அதனால் நெட்வொர்க் மேல் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் உங்கள் அலுவலக டொமைன் பெயர் கூகுளுக்கு எப்படித் தெரியும்? ஐபிகான்ஃபிக் /ஆல் கொடுத்து டிஎன்எஸ் சர்வர் என்ற வரியைப் பாருங்கள். டொமைன் உள்ள அலுவலகத்தில் அங்கே டொமைன் கன்ட்ரோலரின் எண் மட்டும்தான் இருக்க வேண்டும். "ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கட்டும்" என்று இரண்டாவதாக 8.8.8.8 போடுவதும் தப்பு. விண்டோஸ் சில சமயம் அதற்குத் தாவிவிடும், அப்போது ஒரு சிஸ்டத்துக்கு வரும் டிரைவ் பக்கத்து சிஸ்டத்துக்கு வராது.

எண்ணுக்கும் பதில் இல்லை என்றால் சர்வரின் ஐபி மாறியிருக்கலாம். சர்வருக்கு நிலையான ஐபி வைக்காமல் ரூட்டர் கொடுப்பதை வாங்கிக்கொள்ள விட்டிருந்தால் புது ரூட்டரோடு எண்ணும் மாறும். ஸ்கிரிப்டில் எண்ணை எழுதி வைத்திருந்தால் அதோடு கதை முடிந்தது.

பிங் போகிறது, ஆனாலும் 53 என்றால் ஃபைல் ஷேரிங் நடக்கும் வழியான 445-ஆம் போர்ட் அடைபட்டிருக்கிறது. பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்ஷன் சர்வர் -போர்ட் 445 என்று கொடுத்தால் ட்ரூ அல்லது ஃபால்ஸ் என்று சொல்லிவிடும். ஃபால்ஸ் வந்தால் சர்வர் பெட்டியின் முன்னால் போய் உட்காருங்கள். ரூட்டர் மாறியதும் விண்டோஸ் அதைப் புது நெட்வொர்க் என்று நினைத்துப் பப்ளிக் என்று வகைப்படுத்தி, ஷேரிங்கை மூடியிருக்கும். நெட்வொர்க் அமைப்பில் பிரைவேட் என்று மாற்றினால் சரி. ஃபயர்வாலை மொத்தமாக அணைத்துவிட்டு "இப்ப வருது பாருங்க" என்று போகிறவர்களும் உண்டு. அப்படிச் செய்யாதீர்கள். ஃபைல் அண்ட் பிரின்டர் ஷேரிங் என்ற ஒரு விதியை மட்டும் திறந்தால் போதும்.

அறிகுறி: சிஸ்டம் எரர் 67

சர்வர் கிடைத்தது, அதில் அந்தப் பெயரில் ஷேர் இல்லை. எழுத்துப் பிழையாக இருக்கலாம். அதைவிட அதிகம் நடப்பது, ஷேர் செய்த ஃபோல்டரின் பெயரை யாராவது மாற்றுவது. பெயரை மாற்றினால் ஷேர் அறுந்துபோகும். 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று ஃபோல்டர்களைப் பிரித்து அடுக்கிய அலுவலகங்களில் இந்த 67 வரிசையாக வந்தது. வட ஆற்காடு 1989-இலேயே பிரிந்தாகிவிட்டது. இன்னும் என்ஏ (நார்த் ஆற்காடு) டிஸ்ட்ரிக்ட் என்ற ஃபோல்டரை வைத்திருக்கும் கணக்காளர்களும் இருக்கிறார்கள். ஒரு வகையில் அவர்கள் புத்திசாலிகள், அவர்கள் ஸ்கிரிப்ட் உடையவே இல்லை.

சர்வரில் நெட் ஷேர் என்று கொடுத்தால் உயிரோடு இருக்கும் ஷேர்களின் பட்டியல் வரும். ஸ்கிரிப்டில் உள்ள பெயரை அதோடு ஒப்பிடுங்கள்.

அறிகுறி: எரர் 85 அல்லது 1202

அந்த எழுத்து ஏற்கெனவே வேறு எதற்கோ பிடிபட்டிருக்கிறது. 85 என்றால் இப்போதே பயன்பாட்டில் இருக்கிறது. 1202 என்றால் பழைய இணைப்பு ஒன்று நினைவில் இருக்கிறது. யாரோ ஒரு நாள் கையால் மாட்டி "ரீகனெக்ட் அட் சைன்-இன்" டிக் செய்திருப்பார்கள். ஸ்கிரிப்டின் முதல் வேலையாக நெட் யூஸ் இசட்: /டிலீட் /ஒய் போட்டு, மாட்டும் வரியில் /பெர்சிஸ்டென்ட்:நோ சேருங்கள். தினமும் ஸ்கிரிப்டே மாட்டிவிடும்போது விண்டோஸும் தனியாக நினைவு வைத்துக்கொள்ளத் தேவையில்லை.

எஃப், ஜி போன்ற முன் எழுத்துகளை நெட்வொர்க் டிரைவுக்கு வைக்காதீர்கள். பென் டிரைவும் கார்டு ரீடரும் அங்கேதான் வந்து உட்காரும். கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கி வருவதே வழக்கம்.

அறிகுறி: எரர் 1219

ஒரே சர்வருக்கு ஒரே சிஸ்டத்திலிருந்து இரண்டு வேறு யூசர் பெயரில் போகக் கூடாது என்று விண்டோஸ் மறுக்கிறது. புதிதாக வந்தவர்களைத் திக்குமுக்காட வைக்கும் பிழை இது, ஏனென்றால் பாஸ்வேர்டு சரி, ஷேர் சரி, உரிமை சரி, ஆனாலும் வராது.

நடந்தது என்னவென்றால், ஸ்கிரிப்ட் ஓடும் முன்பே வேறு ஏதோ ஒன்று அந்த சர்வரோடு பேசிவிட்டது. டெஸ்க்டாப்பில் சர்வர் ஃபோல்டருக்கு ஒரு ஷார்ட்கட், சர்வரில் இணைந்த பிரின்டர், திறந்தபடி கிடக்கும் ஒரு எக்ஸ்ப்ளோரர் ஜன்னல், இவற்றில் ஏதாவது ஒன்று போதும். ஸ்கிரிப்டில் முதல் வரி ஒரு யூசர் பெயரிலும் இரண்டாம் வரி இன்னொரு யூசர் பெயரிலும் இருந்தாலும் இதேதான்.

வெறும் நெட் யூஸ் என்று கொடுத்துப் பட்டியலைப் பாருங்கள். டிரைவ் எழுத்து இல்லாமல் ஐபிசி$ என்று ஒரு வரி இருந்தால் குற்றவாளி அதுதான். நெட் யூஸ் \\சர்வர்\ஐபிசி$ /டிலீட் கொடுத்து நீக்குங்கள். பட்டியலே காலியாக இருந்தும் 1219 வந்தால், லாக்ஆஃப் செய்து மறுபடி வந்து முயலுங்கள். அப்புறம் கன்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து அந்த சர்வருக்குப் பழைய யூசர் பெயர் சேமித்திருக்கிறதா பாருங்கள். சிஎம்டிகீ /லிஸ்ட் என்று கொடுத்தாலும் அதே பட்டியல் வரும்.

பெயரில் ஒரு முறை, ஐபி எண்ணில் ஒரு முறை என்று போனால் விண்டோஸ் இரண்டையும் வேறு வேறு சர்வராக எண்ணி விட்டுவிடும். அவசரத்துக்கு இது கைகொடுக்கும். ஆனால் எண்ணில் போனால் டொமைனின் அடையாளச் சோதனையான கெர்பரோஸ் நடக்காமல் பழைய என்டிஎல்எம் முறைக்கு இறங்கும். பில் அனுப்ப வேண்டிய அவசரத்தில் செய்துகொள்ளுங்கள், நிரந்தரமாக ஸ்கிரிப்டில் எழுதி வைக்காதீர்கள். சரியான தீர்வு, ஒரு ஆளுக்கு ஒரு யூசர் பெயர், அந்தப் பெயருக்குத் தேவையான எல்லா ஷேரிலும் உரிமை.

அறிகுறி: எரர் 5, அனுமதி இல்லை

ஷேர் உரிமை, என்டிஎஃப்எஸ் உரிமை (ஃபோல்டரின் செக்யூரிட்டி பக்கத்தில் கொடுப்பது) என்று இரண்டு கதவு. இரண்டில் எது இறுக்கமோ அதுவே செல்லும். ஷேரில் எவ்ரிஒன் ஃபுல் கன்ட்ரோல் கொடுத்துவிட்டு "எல்லாம் கொடுத்தாச்சே" என்று கேட்கிறவர்கள் செக்யூரிட்டி பக்கத்தைத் திறந்திருக்க மாட்டார்கள். குரூப்பில் இன்றுதான் சேர்த்தீர்கள் என்றால் அந்த யூசர் லாக்ஆஃப் செய்து மறுபடி வர வேண்டும். லாகின் நேரத்தில்தான் குரூப் பட்டியல் கையில் கிடைக்கும்.

அறிகுறி: 86, 1326, 1327, இன்னும் பாஸ்வேர்டு தொடர்பானவை

86-உம் 1326-உம் பாஸ்வேர்டோ யூசர் பெயரோ தப்பு என்பவை. தட்டினால் சரி, ஸ்கிரிப்டில் தப்பு என்றால் பாஸ்வேர்டில் % இருக்கிறதா பாருங்கள். பேட்ச் ஃபைல் அந்தக் குறியை விழுங்கிவிடும். இரண்டு முறை எழுத வேண்டும். & போன்ற குறிகள் இருந்தால் மேற்கோளுக்குள் வையுங்கள். அதைவிட நல்லது, பாஸ்வேர்டை ஸ்கிரிப்டில் எழுதாமலே இருப்பது. நெட்லாகான் ஷேரை டொமைனில் உள்ள யார் வேண்டுமானாலும் படிக்கலாம்; நேற்று வேலைக்குச் சேர்ந்த பையனும் முதலாளியின் பாஸ்வேர்டைப் படிப்பான். டொமைன் இல்லாத இடத்தில் கிரெடென்ஷியல் மேனேஜரில் ஒரு முறை சேமித்துவிட்டால் ஸ்கிரிப்டில் யூசர் பெயர்கூடத் தேவைப்படாது.

நாலு இலக்கப் பின் நம்பரைப் பாஸ்வேர்டு என்று நினைத்துக் கொடுப்பவர்கள் நிறைய. பின் அந்த ஒரு சிஸ்டத்துக்குள் மட்டும் செல்லும், நெட்வொர்க்கில் செல்லாது. சர்வர் யூசருக்குப் பாஸ்வேர்டே வைக்காமல் விட்டிருந்தால் 1327 வரும். காலிப் பாஸ்வேர்டு உள்ள யூசரை விண்டோஸ் நெட்வொர்க் வழியாக உள்ளே விடாது. டொமைன் இல்லாத இடத்தில் யூசர் பெயரை சர்வர்பெயர்\யூசர் என்று முழுதாக எழுதுங்கள்.

மாதம் ஒன்றரைக்கு ஒரு முறை இந்தப் புகார் வருகிறதா? டொமைனில் பாஸ்வேர்டின் இயல்பு ஆயுள் 42 நாள். புதுப் பாஸ்வேர்டு மாற்றியவர் வேறொரு சிஸ்டத்தில் பழையதைச் சேமித்து வைத்திருப்பார்; அது திரும்பத் திரும்பத் தட்டி அக்கவுண்டையே பூட்டிவிடும். பூட்டினால் எண் 1909.

எரர் 1398 வந்தால் கடிகாரத்தைப் பாருங்கள். டொமைனில் சர்வருக்கும் சிஸ்டத்துக்கும் ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கெர்பரோஸ் ஏற்காது. பழைய சிஸ்டத்தில் மதர்போர்டு பேட்டரி, அந்த நாணய வடிவ சிஆர்2032, தீர்ந்திருக்கும். மாற்றிவிட்டு டபிள்யூ32டிஎம் /ரீசிங்க் கொடுங்கள்.

அறிகுறி: எரர் 71, கடைசியாக வருகிறவருக்கு மட்டும் டிரைவ் இல்லை

சர்வர் என்ற பெயரில் சாதாரண விண்டோஸ் 10 அல்லது 11 ஓடினால் ஒரே நேரத்தில் 20 இணைப்புதான். ஆள் பதினைந்து பேர்தானே என்று கேட்கலாம். ஸ்கேனர், செல்போன் என்று மற்றவையும் சேர்ந்துகொள்ளும். சர்வரில் நெட் செஷன் கொடுத்து யார் யார் பிடித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். இதற்கு ஸ்கிரிப்டில் மருந்து கிடையாது. சர்வர் எடிஷன் வாங்க வேண்டும், இல்லையென்றால் ஒரு நல்ல என்ஏஎஸ் பெட்டி (நெட்வொர்க்கில் மாட்டும் ஃபைல் சேமிப்புப் பெட்டி).

அறிகுறி: புது சிஸ்டத்தில் மட்டும் பழைய என்ஏஎஸ் வரவில்லை, எரர் 384 அல்லது 1272

384 என்றால் அந்தப் பெட்டி எஸ்எம்பி 1 (ஃபைல் ஷேரிங் மொழியின் பழைய பதிப்பு) மட்டுமே பேசும் பழசு. விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து புதிதாக நிறுவும் சிஸ்டங்களில் எஸ்எம்பி 1 இயல்பாக இருக்காது. 2017 மே மாதம் வானாக்ரை என்ற பணம் பறிக்கும் வைரஸ் பரவியது அந்த வழியில்தான். விண்டோஸ் ஃபீச்சர்ஸில் டிக் செய்து திருப்பிக் கொண்டுவரலாம். செய்யாதீர்கள் என்பதே என் கருத்து. முதலில் என்ஏஎஸ் அமைப்பில் எஸ்எம்பி 2 அல்லது 3-ஐ இயக்க முடிகிறதா, புது ஃபர்ம்வேர் இருக்கிறதா பாருங்கள்.

1272 என்றால் பெயர் பாஸ்வேர்டு இல்லாமல் கெஸ்டாக நுழைவதை விண்டோஸ் தடுக்கிறது. விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்புக்குப் பிறகு ப்ரோ எடிஷனிலும் இது இயல்பு. என்ஏஎஸ்ஸில் ஒரு யூசர் உருவாக்கி அந்தப் பெயரில் மாட்டுங்கள்.

அறிகுறி: எக்ஸ்ப்ளோரரில் இசட் இருக்கிறது, சாஃப்ட்வேருக்கு மட்டும் தெரியவில்லை

டேலியையோ வேறு கணக்கு மென்பொருளையோ ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் என்று ஓட்டுகிறீர்களா? விண்டோஸின் பாதுகாப்பு வசதியான யூஏசி ஒரே ஆளுக்கு இரண்டு அடையாளம் கொடுக்கிறது, ஒன்று சாதாரணம், ஒன்று அட்மின். சாதாரண அடையாளத்தில் மாட்டிய டிரைவ் அட்மின் அடையாளத்துக்குத் தெரியாது. தலைகீழாகவும் அப்படியே, அதனால்தான் முதலிலேயே அட்மினாகத் திறக்க வேண்டாம் என்றேன். அட்மினாக ஓட்டத் தேவையில்லாத மென்பொருளைச் சாதாரணமாகவே ஓட்டுங்கள். தேவைதான் என்றால், ரெஜிஸ்ட்ரியில் ஹெச்கேஎல்எம்\சாஃப்ட்வேர்\மைக்ரோசாஃப்ட்\விண்டோஸ்\கரன்ட்வெர்ஷன்\பாலிசீஸ்\சிஸ்டம் என்ற இடத்தில் எனேபிள்லிங்க்ட்கனெக்ஷன்ஸ் என்று ஒரு டிவேர்டு உருவாக்கி மதிப்பு 1 கொடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

அறிகுறி: டிரைவ் மேல் சிவப்பு எக்ஸ், அல்லது வேலை நடுவில் அறுந்துபோகிறது

சிவப்பு எக்ஸ் இருந்தும் கிளிக் செய்தால் திறக்கிறது என்றால் பயமில்லை. 15 நிமிடம் யாரும் தொடாவிட்டால் சர்வர் இணைப்பை விட்டுவிடும், தொட்டதும் மறுபடி பிடிக்கும். சில பழைய மென்பொருள்கள் இதைத் தாங்காது. அவற்றுக்காக சர்வரில் நெட் கான்ஃபிக் சர்வர் /ஆட்டோடிஸ்கனெக்ட்:-1 கொடுக்கலாம்.

ஒன்றரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, ஃபைல் சேமிக்கும் நேரத்தில் அறுந்தால், ஸ்கிரிப்டோடு சேர்த்துக் குரூப் பாலிசி பிரிஃபரன்ஸிலும் அதே டிரைவை "ரீப்ளேஸ்" என்று வைத்திருக்கிறார்களா பாருங்கள். பாலிசி பின்னணியில் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் டிரைவைக் கழற்றி மாட்டும். "அப்டேட்" என்று மாற்றுங்கள். ஸ்கிரிப்ட், பிரிஃபரன்ஸ் இரண்டில் ஒன்று மட்டும் இருக்கட்டும்.

அறிகுறி: லாகினே நத்தை வேகம்

ஸ்கிரிப்டில் எப்போதோ தூக்கிப்போட்ட சர்வரின் வரி இன்னும் இருக்கும். இல்லாத பெயரைத் தேடித் தேடி ஒவ்வொரு வரியும் நேரம் தின்னும். லாக் ஃபைலில் ஒவ்வொரு நெட் யூஸுக்கு முன்னும் நேரத்தை எழுத வைத்தால் எந்த வரி என்று தெரிந்துவிடும். அந்த வரியை அழிக்கும் முன், பழைய சர்வரில் இருந்த டேட்டா எங்கே போனது என்று கணக்குப் பிரிவில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.